தங்கமான கடைசி வரி

"அண்ணா...!"

பெய்-ஜுவின் அலறல் ஏழு மாடிக்கும் கேட்டது.

தைவானின் தைனான் நகரம். காலை மழை. ஸ்கூட்டர்கள் நிற்கும் சந்தில் அவள் அண்ணன் கோ சியன்-லுங் மாடியிலிருந்து விழுந்து குப்புறக் கிடந்தான். இனி எழ மாட்டான்.

மேலே, அவன் அறையில் கம்ப்யூட்டர் இன்னும் ஓடிக்கொண்டிருந்தது. மெஷின் மக்கர் பண்ணாமலிருக்க அந்த ஊரில் எல்லோரும் ராசிக்காக வைக்கிற பச்சை நொறுக்குத்தீனிப் பாக்கெட் அதன் தலையில். திரையில் அவன் எழுதிய புரோகிராம். அதன் நடுவே, அவன் பெயரில், புதிதாக ஒரு குறிப்பு.

'போதும். இந்தத் தங்கமான உலகத்தை விட்டுப் போறேன்.'

இன்ஸ்பெக்டர் லியாவ் உதட்டைப் பிதுக்கினார்.

"தற்கொலைம்மா. மதியத்துக்குள்ள ஃபைலை மூடிடுவேன்."

"மூடாதீங்க சார்! எங்கண்ணனாவது 'தங்கமான'னு எழுதறதாவது! திட்டாம மூச்சுகூட விட மாட்டான்!"

"சாகப் போறப்ப மனுஷன்..."

"இது நோயாளிக்கு மருந்து ஏத்துற மெஷினோட புரோகிராம் சார். யாரு வேணா எடுத்துத் திருத்தலாம். எந்த வரியில கை வெச்சா ஆள் செத்துடுவானோ, அங்க ஒரு கெட்ட வார்த்தை எழுதி வெப்பான். படிக்கிறவன் திடுக்கிட்டு நிக்கணும்னு!" குரல் உடைந்தது. "அவனைக் கோழைன்னு சொல்லி எரிக்க விட மாட்டேன்..."

"யார் மேலயாவது சந்தேகம்?"

"ஹுவாங் தே-வெய். கூட வேலை செஞ்சவன். வசவையெல்லாம் துடைச்சாதான் ஒரு கம்பெனி இதை எடுத்துக்கும். இவனுக்கு மேனேஜர் வேலை தரும். இவன் துடைப்பான்... அண்ணன் திருப்பிப் போடுவான். நேத்துகூட சண்டை!"

பெய்-ஜுவையும் ஒரு கான்ஸ்டபிளையும் கூட்டிக்கொண்டு தே-வெய் வீட்டுக்கே போனார் லியாவ்.

"சண்டையா? சேச்சே! எனக்குக் கெட்ட வார்த்தை ஆகாது, அவ்வளவுதான்." தே-வெய் லேப்டாப்பைத் தட்டினான். "அதுக்குன்னே ஒண்ணு எழுதியிருக்கேன் சார். இதுலேர்ந்து எதை அனுப்பினாலும் வசவு தானா மாறிடும்!"

"எங்கே... என்னைத் திட்டி அனுப்பு பார்ப்போம்."

"ஐயோ, சார்!"

"சும்மா அடிப்பா!"

நெளிந்துகொண்டே அடித்தான். லியாவின் செல்போன் சிணுங்கியது.

'இந்தத் தங்கமான இன்ஸ்பெக்டர்.'

லியாவ் அதை இரண்டு முறை படித்தார்.

"பிரமாதம்! வேற யாருகிட்ட இது இருக்கு?"

"யாருகிட்டயும் இல்ல. இன்னும் வெளியிடவே இல்ல சார்!" பெருமை வழிந்தது.

"இதுலேர்ந்து இன்னொருத்தன் பேர்ல குறிப்பு அனுப்ப முடியுமா?"

"யாரு பேரு வேணா போடலாம்..." தே-வெய்யின் சிரிப்பு பாதியில் நின்றது.

லியாவ் கடைசிக் குறிப்பின் போட்டோவை நீட்டினார்.

"அவனை மாதிரியே திட்டித்தான் எழுதியிருப்ப. அனுப்பினதுக்கப்புறம் படிச்சுப் பார்த்தியா?"

படித்தான். முகம் வெளுத்தது. கதவை நோக்கிப் பாய்ந்தவனைக் கான்ஸ்டபிள் மடக்கினார்.

"கெஞ்சினேன்... கேக்கலையே! மொட்டை மாடியில... ஒரே ஒரு தள்ளு..."

பெய்-ஜு சுவரோடு சரிந்தாள். "அண்ணா... நீ கோழை இல்லடா..."

விலங்கு மாட்டியதும் தே-வெய்யின் வாய் திறந்தது. செத்தவனே தோற்றான்! அத்தனை நாறல் வசவு.

கான்ஸ்டபிள் பேனாவோடு திணறினார். "சார், இதையெல்லாம் எப்படி எழுதறது?"

"அவன் லேப்டாப்லயே அடிச்சு அனுப்புய்யா... கோர்ட்டுக்கு மரியாதையாப் போய்ச் சேரும்!"