மூன்றாம் கூடத்தின் தரை

தெல்தோட்டையிலிருந்து வேனில் கொண்டுவந்த தேயிலைப் பெட்டிகளைச் சஞ்சீவனி இறக்கியபோது காலை எட்டு மணி. பல்லேகலயில் மலையைச் சீவிக் கட்டிய அந்தப் பொருட்காட்சி மண்டபம் பனிமூட்டத்துக்குள் பாதி மறைந்து நின்றது. திறந்து இரண்டு வருடம்தான். அது வந்த பிறகுதான் கண்டி வியாபாரத்துக்கு விடிவு என்றார்கள். ஹோட்டல்கள் நிரம்பின, மாத்தளை மிளகுக்காரர்கள் வெளிநாட்டவரோடு நேரே பேரம் பேசினார்கள். தெல்தோட்டைப் பெண்கள் பன்னிரண்டு பேர் கையால் உருட்டிய தேயிலைக்கும் இன்றைய பொருட்காட்சியில் ஓரிடம் கிடைத்திருந்தது.

கடைசி இடம். மூன்றாம் கூடத்தில், மலைப்பக்கச் சுவரோரம்.

“முன்கூடம் எல்லாம் கொழும்புக் கம்பெனிகளுக்கு, அக்கா. கோவிச்சுக்காதீங்க,” என்றான் மண்டப அதிகாரி மோகனராஜ்.

கோபம் அவளுக்கு ஏற்கெனவே இருந்தது. தம்பி திலக்ஷன் இந்தக் கட்டட வேலைக்குத்தான் வந்தான். சூப்பவைசரோடு சண்டை போட்டுவிட்டு எங்கேயோ போய்விட்டான் என்று ஒப்பந்தக்காரர், அம்மாவும் அவனும் இருந்த ஹந்தானைத் தோட்ட லயத்துக்கு ஆள் அனுப்பிச் சொன்னார். அதன்பிறகு ஒரு போன்கூட இல்லை. அம்மா அழுது ஓய்ந்தாள். சஞ்சீவனி அழவில்லை. பெத்தவளைத் தவிக்கவிட்டுப் போனவனா என் தம்பி என்று இரண்டு வருடமாகக் கறுவிக்கொண்டிருந்தாள்.

மேசைவிரிப்பை விரித்தபோது அந்த வாடை வந்தது. மழையில் சரிந்த மலையில் அடிக்குமே, அந்தப் பச்சைமண் வாடை. ஏசிக் குளிரில், பளபளக்கும் டைல்ஸ் தரையில்.

சர்ர்... சர்ர்...

காலுக்குக் கீழே எதுவோ சுரண்டியது.

நின்றது.

சர்ர்... டொக்.

மண்வெட்டி கல்லில் படும் சத்தம். தோட்டத்தில் பிறந்தவளுக்கு அதை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

கூடத்தைக் கூட்டிக்கொண்டிருந்த இராமையா அந்த இடத்தை மட்டும் விட்டு விலகிப் போனார்.

“ஐயா, கீழ யாராச்சும் வேல செய்றாங்களா?”

அவர் கூட்டுவதை நிறுத்தினார். “உங்களுக்கும் கேக்குதா?” என்று கிசுகிசுத்தார். “கீழ வெறும் மண்ணுங்க.”

சர்ர்.

“மண்ணு மட்டுமா?”

இராமையா சுற்றுமுற்றும் பார்த்தார். “அப்ப நான் இங்க கூலி வேலை. தெறப்பு விழாவுக்குப் பத்து நாள் இருக்கறப்ப மலை சரிஞ்சிச்சு. ஒரு பொடியன் மாட்டிக்கிட்டான். தோண்டினா நாள் போயிரும்னு மேலயே கொங்கிரீட்ட ஊத்திட்டாங்க. வாயத் தொறந்தா வேல இல்லன்னாங்க. நானும் தொறக்கல.”

“பேரு?”

“திலக்ஷன். ஹந்தானைப் பொடியன்.”

சஞ்சீவனி அலறவில்லை. தம்பிமேல் வளர்த்த கோபம் அத்தனையும் அந்த நொடியில் இந்த மண்டபத்தின் மேல் திரும்பியது. ஒலிபெருக்கியில் பொருட்காட்சித் திறப்புரை ஓடிக்கொண்டிருந்தது: இந்தப் பிரதேசத்தையே தூக்கி நிறுத்திய மண்டபம் இது என்றது ஒரு குரல். கைதட்டல்.

கடை அமைத்தவர்கள் சுவரில் சாத்தியிருந்த இரும்பு அலவாங்கை எடுத்தாள். ஓங்கித் தரையில் இறக்கினாள்.

டைல்ஸ் சிதறியது.

“அக்கா! என்ன செய்றீங்க? வெளிநாட்டு ஆக்கள் பாக்குறாங்க!” மோகனராஜ் ஓடிவந்தான்.

“பாக்கட்டும்! என் தம்பி மேல நின்னுக்கிட்டுத்தான் வியாபாரம் பேசுறோம்னு நல்லாப் பாக்கட்டும்!”

மறுபடி அடித்தாள்.

கீழிருந்து ஓர் அடி.

அவள் அடித்தாள். கீழிருந்து பதில் வந்தது. இன்னும் பலமாக.

அவள் கையைப் பிடிக்க வந்த மோகனராஜ் அப்படியே நின்றுவிட்டான். கைதட்டல் ஓய்ந்தது. கூடமே கேட்டது.

தரை வெடித்தது. மேலிருந்து உடைந்து உள்ளே விழவில்லை. கீழிருந்து எழும்பியது. வெடிப்பு வழியே சிவந்த சேற்றுத்தண்ணீர் கசிந்து அவள் பாதத்தைத் தொட்டது. கைச்சூடு போல வெதுவெதுப்பாக இருந்தது.

“வந்துட்டேன்டா,” என்றாள் பல்லைக் கடித்துக்கொண்டு.

நூறு போன்கள் படம்பிடித்ததை யாராலும் மறைக்க முடியவில்லை. நீதிமன்ற உத்தரவோடு மூன்றாம் நாள் தோண்டினார்கள். எலும்புகளோடு அவனுடைய அடையாள அட்டையும் கிடைத்தது. விரலெலும்புகள் மண்வெட்டியைப் பற்றியபடியே இருந்தன. அதன் அலகு தேய்ந்து தேய்ந்து உள்ளங்கையளவுகூட இல்லை.

இராமையா சாட்சி சொன்னார். ஒப்பந்தக்காரரைப் பொலிஸ் கொண்டுபோனது. ஹந்தானையில் தம்பியைப் புதைத்தபோதும் சஞ்சீவனியின் கோபம் அடங்கவில்லை.

அடுத்த கிழமை, விடிந்து கொஞ்ச நேரத்தில், இராமையா போன் பண்ணினார்.

“புள்ள, பெரிய கூடத்துல இன்னைக்கு ஒரு மாநாடு. நேத்து எண்ணூறு கதிரைய மேடையப் பாத்து அடுக்கினோம். இப்பக் கதவத் தொறந்தா, எல்லாம் மலைப்பக்கம் பாத்துத் திரும்பியிருக்கு.”

“திருப்பி வைக்கச் சொன்னாங்களா?”

“சொன்னாங்க. நாலு பேரு சேந்து பாத்தோம். ஒண்ணக்கூட அசைக்க முடியலங்க.” அவர் குரல் இறங்கியது. “ஒவ்வொண்ணுலயும் ஆளு ஒக்காந்திருக்கிற பாரம். அந்த மலைக்குள்ள இன்னும் எத்தன பேரோ.”