கேட்காத மூன்று கேள்விகள்

பாதுகாப்புப் பிரிவின் அறை அடித்தளத்தில் இருந்தது. ஜன்னல் கிடையாது. கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் சர்வர்கள் ஓயாமல் இரைந்தன. வெளியே வெயில் கொளுத்தினாலும் உள்ளே விரல் விறைத்தது.

“ஸ்வெட்டர் கொண்டு வரலையா? முதல் வாரம் எல்லாருக்கும் மூக்கு ஒழுகும்,” என்றார் பிரிவின் தலைவர். “ஆனா ஒண்ணு, பிரிண்டர் ஓடலன்னு இங்க யாரும் உயிரை வாங்க மாட்டாங்க.”

அவள் சிரித்து வைத்தாள். ஐந்து வருஷம் நான்காம் மாடி ஹெல்ப் டெஸ்க்கில், ஊரார் மறந்த பாஸ்வேர்டுகளை மாற்றிக் கொடுத்தவள். பஸ்ஸில் நின்றபடியே படித்து, இரண்டு தேர்வு எழுதி, இந்த நாற்காலிக்கு வந்திருந்தாள். அம்மா காலையிலேயே தெரு முழுக்கச் சொல்லியாகிவிட்டது.

சந்தோஷப்பட வேண்டிய நாள். ஆனால் அம்மா கட்டிக் கொடுத்த இனிப்பை அவள் இன்னும் பிரிக்கவில்லை.

இதே வேலைக்கு முன்பு மௌனியும் விண்ணப்பித்திருந்தார். ஹெல்ப் டெஸ்க்கில் அவளுக்குப் பக்கத்து இருக்கை. நாள் முழுக்க போனில் பேசுவதுதான் வேலை; போனை வைத்தால் வாயே திறக்க மாட்டார். அதனால் அந்தப் பெயர். அவளை மட்டும் “தங்கச்சி” என்பார்.

ஏழு மாதங்களுக்கு முன்பு ஒரு மதியம், அவர் கணினியைப் பூட்டாமல் சாப்பிடப் போனார். அவளுடைய கணினி மக்கர் செய்ததால் அவர் இடத்தில் போய் உட்கார்ந்தாள். மடியில் தேர்வுப் புத்தகம். அவருடைய போன் அடித்தது. ஓர் அதிகாரியின் பெயரைச் சொல்லி, பாஸ்வேர்டை மாற்றித் தரும்படி ஓர் அதட்டல் குரல். ஆள் அவர்தானா என்று தெரிந்துகொள்ள மூன்று கேள்விகள் கேட்க வேண்டும் என்பது விதி. அவள் ஒன்றுகூடக் கேட்கவில்லை. மாற்றிக் கொடுத்துவிட்டுப் பக்கத்தைப் புரட்டினாள்.

பேசியவன் திருடன். மாலைக்குள் அலுவலகத்தின் கோப்புகளை எல்லாம் யாரும் திறக்க முடியாதபடி அவன் பூட்டிவிட்டான். குரல் பதிவுகளும் அந்தப் பூட்டுக்குள் போயின. மிஞ்சியது ஒரே தடயம்: பாஸ்வேர்டை மாற்றியது மௌனியின் கணக்கிலிருந்து. அவர் எப்போதும் மொட்டைமாடியில் தனியாகத்தான் சாப்பிடுவார். சாட்சிக்கு ஆள் இல்லை.

மாடிப்படியில் அவளை நிறுத்தினார்.

“தங்கச்சி, அந்தப் போனை நீதானே எடுத்த? ஒரு வார்த்தை சொல்லிடும்மா.”

“எனக்கு ஞாபகம் இல்லண்ணா.”

மறுபடி அவர் கேட்கவில்லை. வேலை போயிற்று. அடுத்த மாதம், நின்றிருந்த லாரியின் பின்னால் அவர் பைக் மோதியது. அந்த இடத்திலேயே போய்விட்டார். லாரியைப் பார்த்தாரா, பார்க்கவில்லையா, யாருக்கும் தெரியாது.

நேர்முகத் தேர்வில் அந்தச் சம்பவத்தைப் பற்றித்தான் அவளிடம் கேட்டார்கள். ஹெல்ப் டெஸ்க் எங்கே தவறியது என்று பிசிறில்லாமல் விளக்கினாள். பிரமாதம் என்றார்கள்.

மதியம் ஒன்று இருபதுக்குத் திரையில் ஒரு சிவப்பு வரி முளைத்தது. முடக்கப்பட்ட கணக்கு ஒன்று உள்ளே நுழையப் பார்க்கிறது. இடம்: நான்காம் மாடி, ஹெல்ப் டெஸ்க், ஏழாவது இருக்கை.

கணக்கின் பெயரை முழுதாகப் படிக்கும் முன்பே, மௌனியின் இருக்கை, மௌனியின் கணக்கு என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது.

“யாராவது விளையாடுவாங்க. போய்ப் பாத்துட்டு வா,” என்றார் தலைவர்.

மேலே எல்லோரும் சாப்பிடப் போயிருந்தார்கள். ஏழாவது இருக்கையில் கணினியே இல்லை. மேசைமேல் அது இருந்த இடம் மட்டும் தூசியில் சதுரமாகத் தெரிந்தது. எதிலும் சொருகாத ஒரு கேபிள் தொங்கியது. மௌனி நெற்றியில் தடவும் தலைவலித் தைலத்தின் வாசனை.

நாற்காலியைத் தொட்டாள்.

சூடாக இருந்தது.

போன் அடித்தது.

“ஹெல்ப் டெஸ்க்...” பழக்கதோஷத்தில் வாய் தானாகச் சொன்னது.

“உள்ள போக முடியலம்மா.” காதுக்குள் ஊதியதுபோல ஒரு கிசுகிசுப்பு.

“யா... யாரு?”

“மூணு கேள்வி இருக்குல்ல. அன்னைக்குக் கேக்காததை இப்பக் கேளு.”

போனை வைக்கக் கை வரவில்லை.

“பேரு?”

சொன்னது.

“பிறந்த தேதி?”

அதையும் சொன்னது.

“கடைசியா... கடைசியா எப்ப உள்ள போனீங்க?”

நீண்ட மூச்சு.

“நான் சாப்பிடப் போறதுக்கு முன்னாடி, தங்கச்சி. அதுக்கப்புறம் உள்ள இருந்தது நான் இல்ல.”

இணைப்பு அறுந்தது.

அவள் நேராகத் தலைவரிடம் போய் எல்லாவற்றையும் சொன்னாள், சற்றுமுன் வந்த போனைத் தவிர. அவர் எழுந்து கதவைச் சாத்தினார்.

“இப்ப எதுக்கு இதைக் கிளறுற? செத்தவரு திரும்பி வரப்போறாரா?”

அவள் காகிதம் வாங்கி, எழுதி, கையெழுத்துப் போட்டாள்.

இரண்டு வாரத்தில் அவள் வேலை போயிற்று. மௌனி குற்றமற்றவர் என்று அலுவலகம் கடிதம் கொடுத்தது. அம்மா முகம் கொடுத்துப் பேசவில்லை. சிவப்பு வரி அதன்பின் ஒருநாளும் வரவில்லை என்று கேள்விப்பட்டாள். முடிந்தது என்று நினைத்தாள்.

ஒரு ஞாயிறு காலை, கடிதத்தின் நகலோடு மௌனியின் வீட்டுக்குப் போனாள். அவர் மனைவி கதவைத் திறந்தார். சின்ன முன்னறை, பளிச்சென்று வெளிச்சம்.

“அண்ணி, அந்தப் போனை எடுத்தது நான்தான். அண்ணன் கேட்டப்பவும் பொய் சொல்லிட்டேன்.”

அண்ணி கடிதத்தைப் படித்து நாலாக மடித்தார். அழவில்லை.

“தெரியும்மா. சொன்னாரு.”

“எப்ப? ஆக்ஸிடென்ட்டுக்கு முன்னாடியா?”

“நேத்தும் சொன்னாரு.”

அவள் கைகூப்பினாள். “என்னை மன்னிச்சிடுங்க அண்ணி.”

“எனக்கு உன் மேல கோபம் இருக்கு. அதை நான் பாத்துக்குறேன்.” அண்ணி, சாத்தியிருந்த உள்ளறைக் கதவைத் திரும்பிப் பார்த்தார். குரல் தணிந்தது. “என்கிட்ட கேட்டு என்ன ஆகப்போகுது? உள்ளதான் இருக்காரு. நீயே போய்க் கேளு.”

கதவுக்கு அந்தப் பக்கம், யாரோ நாற்காலியை இழுத்துப் போட்டு உட்காரும் சத்தம் கேட்டது.