அட்டைப்படத்து யோகலட்சுமி

எல்லாம் அந்த மழையால் வந்த வினை... இல்லாவிட்டால் யோகலட்சுமி சூலியா தெருக் கேசட் கடையின் அஞ்சடி நடைபாதையில் ஒதுங்கியே இருக்கமாட்டாள். நனைந்த முகத்தைத் துடைத்தபடி கண்ணாடிக்குள் பார்த்தவள் திடுக்கிட்டாள்.

‘கரண்ட் கட் இசைக்குழு... எட்டு வருடங்களுக்குப் பிறகு மீண்டும்! புதிய கேசட்: மூன்றாம் ஷிப்ட்.’

அட்டையில் கையை உயர்த்திக் குரல் கொடுக்கும் ஒரு பெண். சாட்சாத் அவளேதான்!

"அலாவுதீன் அண்ணே, யாரு லா இதப் போட்டது?"

கடைக்காரர், கேசட் அடுக்கிக்கொண்டிருந்த நெட்டையனை மோவாயால் காட்டினார். அந்தக் குழுவில் கிதார் வாசிக்கும் அர்ஜுனன். அவன் நிமிர்ந்தான். அந்தக் கண்கள்... சீ, கோபத்தில் இருக்கும்போது கண்ணையா பார்ப்பது!

"நீங்களா!" அவன் முகம் மலர்ந்தது. "பாயான் லெப்பாஸ் ஃபேக்டரி கேட்ல யூனியன் கேட்டு நின்னீங்களே, நான்தான் படம் பிடிச்சேன்... மிரட்டலுக்குப் பயந்து கலைஞ்ச பேண்டு, மிஸ், எங்களுது. உங்களயெல்லாம் பார்த்துத்தான் திரும்பக் கூடினோம். பாட்டெல்லாம் உங்களுக்காகத்தான்..."

"மேனேஜர் பார்த்தா என் வேல போயிரும். அப்பா பார்த்தா வீடே ரெண்டாயிரும். எங்களக் கேக்காமலே எல்லாத்தயும் முடிவு பண்றாங்கன்னுதான் அங்க நின்னோம். நீங்களும் கேக்கலயே?"

அர்ஜுனன் கேசட்டுகளைத் திறந்து அட்டைகளை உருவத் தொடங்கினான்.

"வெறும் வெள்ள அட்டையோடவே விக்கிறோம். மன்னிச்சிருங்க."

அலாவுதீன் தலையில் அடித்துக்கொண்டார். அவளோ மழையைக்கூடப் பாராமல் விடுவிடுவென்று நடந்துவிட்டாள்.

ஆனால், விற்றுப்போன கேசட் ஒன்று அவளுக்கு முன்பே வீடு போய்ச் சேர்ந்திருந்தது. அப்பா கனகசுந்தரம் அதை மேசைமேல் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"ஆர் கேட்டாலும் அது நான் இல்லையெண்டு சொல்லிப்போடு, பிள்ளை. வேலையும் தப்பும், மானமும் தப்பும்."

எவ்வளவு சுலபம்! ஒரே ஒரு பொய். ஆனால் நாக்கு புரளவில்லை. பொய் சொன்னால் அன்று வெயிலில் நின்றதும் பொய்யாகிவிடாதா?

"நிண்டது நான்தான் அப்பா. இனியும் நிப்பன்."

அப்பா எழுந்து உள்ளே போய்விட்டார். அன்று அவர் சாப்பிடவில்லை, அவளும்தான்.

மறுநாள் மாலை அவள் கடைக்குள் நுழைந்தபோது அர்ஜுனன் வெள்ளை அட்டைகளை மடித்துக்கொண்டிருந்தான்.

"பழைய அட்டையவே போடுங்க."

"வேல...?"

"போனா போகட்டும் லா. கூட நின்ன பொண்ணுங்களயும் கேட்டுட்டேன், சரின்னுட்டாங்க. ஆனா கீழ என் பேர் வரணும். முழுப் பேரு."

அவன் தலையாட்டினான். அவள் நகரவில்லை.

"அத்தன பேர் நின்னோம். ஏன் என்ன மட்டும் படம் பிடிச்சீங்க?"

அவன் காதுகள் சிவந்தன. "போராட்டத்துக்காகன்னு சொல்லத்தான் நெனச்சேன்... பொய் வரல. வேற யாருமே என் கண்ணுக்குத் தெரியல. இதயாவது மொதல்ல கேட்டுர்றேன்... உங்களக் கட்டிக்கலாமா?"

யோகலட்சுமி ஒரு வெள்ளை அட்டையை எடுத்துத் தன் முழுப் பெயரை எழுதி அவனிடம் நீட்டினாள்.

"அப்பாகிட்ட வந்து கேளுங்க. நான் சரின்னு சொல்லிட்டேன்னும் அவர்கிட்ட சொல்லிருங்க."