கொஞ்சம் ஐஸ், கொஞ்சம் ரத்தம்

மாடிப்படிக்குக் கீழே நசீம் குப்புறக் கிடந்தான்.

தலையைச் சுற்றி ரத்தம்.

சேக் பரீத் அலறுவதற்காக வாயைத் திறந்தார்...

அலற முடியவில்லை.

வாய் நிறைய ஐஸ்!

நேரம் நடுமத்தியானம். மாசம் ரம்ஜான். கம்பம் ஊரில் அந்தத் தெருவே நாக்கு வறண்டு, சூரியனை முறைத்துக்கொண்டிருந்த நேரம். அந்த நேரத்தில் ஒரு கையில் எவர்சில்வர் டம்ளரும், உப்பிய இரண்டு கன்னமுமாக நிற்கிறாரே இந்த மனிதர், இவர் யார் தெரியுமா?

ஏலக்காய் வியாபாரி. பள்ளிவாசலில் நோன்புக் கஞ்சி காய்ச்சும் பொறுப்பு இவரிடம். வருகிற வெள்ளிக்கிழமை ஜும்மா முடிந்ததும், பள்ளிவாசல் நிர்வாகத்துக்குப் புது முத்தவல்லி என்று இவர் பெயரைத்தான் அறிவிக்கப் போகிறார்கள்.

கீழே கிடப்பவன் இவருடைய மச்சினன். சம்சாரம் அம்சத் பீவியின் ஒரே தம்பி.

சேக் பரீத் ஐஸைக் கடித்து விழுங்கினார். பல் கூசியது. படியிறங்கி வந்து, நசீமின் மூக்கருகே விரலை வைத்துப் பார்த்தார். மூச்சு இருந்தது.

ஆளைக் கூப்பிடலாம். கூப்பிட்டால் தெரு கூடும். மத்தியானத்தில் மாடியில் உங்களுக்கு என்ன வேலை என்று கேட்கும்...

கொல்லைக் கதவு கிறீச்சிட்டது. பாத்திரம் கழுவுகிற சுருளியம்மாள் வந்துகொண்டிருந்தாள்.

சேக் பரீத் டம்ளரைத் தண்ணீர்த் தொட்டிக்குள் போட்டார். நசீமைத் தாண்டினார். பக்கவாட்டுச் சந்து வழியாக வெளியேறினார். அவர் தெருமுனையைத் தொடும்போது, அவர் போட்டிருக்க வேண்டிய அலறலைச் சுருளியம்மாள் போட்டாள்.

"அய்யோ... ஓடியாங்க... நசீம் பாயக் கொன்னுட்டாக..."

எல்லாவற்றுக்கும் காரணம் ஒரு மிஷின்.

மகன் அப்சல் சார்ஜாவிலிருந்து அனுப்பியது. சமையல் மேடையில் வைக்கிற அளவுதான் இருக்கும். தொட்டியில் தண்ணீரை ஊற்றிப் பட்டனை அமுக்கினால் போதும். கொஞ்ச நேரம் உறுமும். பிறகு கடகடவென்று ஐஸ் விழும். நடுவில் குழியோடு, தையல்காரர் விரலில் மாட்டுகிற உறையைப் போல ஒவ்வொரு துண்டும் அத்தனை அழகு! கம்பத்தில் அந்த 2008-ல் வீட்டுக்குள் ஐஸ் ஃபேக்டரி வைத்திருந்தது இவர் ஒருவர்தான். நோன்பு திறக்கும் நேரத்துக்குத் தெருவே தூக்குவாளியோடு வந்து நிற்கும்.

ஆனால் அது ஃப்ரிட்ஜ் இல்லை. விழுந்த ஐஸை எடுக்காமல் விட்டால் உருகித் தொட்டிக்கே திரும்பிப்போகும். மறுபடி ஐஸாகி வரும். அதே மாதிரி, நீங்கள் இரண்டு கை அள்ளிக்கொண்டு போனாலும், அரைமணி நேரத்தில் கூடையை ரொப்பிவிட்டு ஒன்றும் தெரியாத பிள்ளையாக உட்கார்ந்திருக்கும்.

தடயத்தைத் தானே அழித்துவிடுகிற கூட்டாளி வேறு எந்தக் குற்றவாளிக்குக் கிடைப்பான்?

"கீழ கரண்டு ஏறி எறங்குது" என்று சொல்லி மிஷினை மாடி அறைக்கு மாற்றியது சேக் பரீத்தான். மத்தியானம் அம்சத் பீவி பயானுக்கு, அதாவது பெண்களுக்கான மார்க்கச் சொற்பொழிவுக்கு, கிளம்பிப் போவாள். போவதற்கு முன் மிஷினில் தண்ணீர் ஊற்றி வைப்பாள். சாயங்கால சர்பத்துக்கென்று எலுமிச்சம்பழமும் மேலேயே இருக்கும். இவர் பூனை மாதிரி படியேறுவார்.

ருசிக்காக அல்ல. தேனி டாக்டர் சொல்லியிருந்தார்.

"சக்கரை எக்கச்சக்கமா இருக்கு பாய். மாத்திரை போடுற ஒடம்பு. நோன்பெல்லாம் வேணாம். வேளாவேளைக்குச் சாப்பிட்டு, நெறையத் தண்ணி குடிங்க."

நோயாளிக்கு நோன்பு கட்டாயமில்லை என்பது சேக் பரீத்துக்கும் தெரியும். ஒவ்வொரு நோன்புக்கும் ஓர் ஏழைக்குச் சாப்பாடு போட்டால் போதும். ரகசியமாகப் போட்டுக்கொண்டும் இருந்தார். ஆனால் வெளியே சொல்ல வேண்டுமே... நோன்பு வைக்காத முத்தவல்லியா என்று ஒருவன் கேட்டுவிட்டால்? அந்த ஒருவனுக்குப் பயந்துதான் இந்த மாடியேற்றம்.

எஸ்.ஐ. ராஜபாண்டி வந்தார். சேக் பரீத்தும் சேதி கேட்டு ஓடிவந்தவர்போல் வீடு திரும்பியிருந்தார். நசீம் ஏற்கெனவே ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தான். நினைவு திரும்பவில்லை.

"பாய், மத்தியானம் எங்கன இருந்தீக?"

"பள்ளிவாசல்ல சார். லுஹர் தொழுகைக்கு."

"அங்கன விசாரிச்சுட்டுத்தான் வர்றேன். இன்னைக்குப் பாயக் காணமேன்னாக."

"இல்ல... கடையில இருந்தேன்."

"கடையில கேட்டா, பள்ளிவாசலுக்குப் போயிருக்காகன்னாக."

சேக் பரீத் தொப்பியைச் சரிசெய்தார்.

"பாய், நீங்க எங்கனயுமே இல்லையே."

ராஜபாண்டி நோட்டைப் புரட்டினார்.

"நேத்து இந்த ஐஸ் மிஷின ரெண்டு நாளைக்குத் தன் வீட்டுக்குக் குடுங்கன்னு நசீம் கேட்டாராமே. மிஷின்ல கைய வச்சா மண்டையப் பொளந்துருவேன்னு நடுத்தெருவுல நின்னு சொன்னீகளாம்."

"ஒரு பேச்சுக்குச் சொன்னது சார்."

"இன்னைக்கு மண்ட பொளந்திருக்கே."

சேக் பரீத்தின் மூளை வேகமாகக் கணக்குப் போட்டது. மச்சினனைக் கோபத்தில் தள்ளிவிட்டார் என்றால்? ஜமாத்தில் உட்கார்ந்து பேசி முடித்துவிடுவார்கள். கொஞ்சம் முன்கோபி, மற்றபடி தங்கமான மனுஷன் என்பார்கள். நோன்பு மாசத்தில் ஒளிந்திருந்து ஐஸ் கடித்தார் என்றால்? பேரன் பேத்தி எடுத்த பிறகும் சொல்லிச் சிரிப்பார்கள்.

"நான்தான் சார் தள்ளிவிட்டேன்."

அம்சத் பீவி வாசல்படியில் நின்றிருந்தாள். அழவில்லை. எடை குறைகிற தராசைப் பார்ப்பதுபோல் புருஷனைப் பார்த்தாள்.

ராஜபாண்டியின் செல்போன் அலறியது.

கேட்டுவிட்டு, பாக்கெட்டில் போட்டார்.

"நசீம் கண் முழிச்சுட்டாராம். ரெண்டு பேரும் ஏறுங்க ஜீப்புல."

ஆஸ்பத்திரிக் கட்டிலில் நசீம் தலைப்பாகை கட்டினவன் மாதிரி படுத்திருந்தான். சேக் பரீத்துக்கு உள்ளுக்குள் ஒரு நிம்மதி. யாரும் தள்ளவில்லை, நானாகத்தான் விழுந்தேன் என்று பயல் சொல்லிவிடுவான். நாமும், பதற்றத்தில் உளறிவிட்டேன் என்று சமாளித்துக்கொள்ளலாம்...

ராஜபாண்டி கட்டிலருகே ஸ்டூலை இழுத்துப் போட்டுக்கொண்டார்.

"ஒங்க மச்சான் தள்ளிவிட்டதா ஒத்துக்கிட்டாரு. நீங்க என்ன சொல்றீக?"

நசீம் மச்சானைப் பார்த்தான். அக்காவைப் பார்த்தான். கண்ணை மூடிக்கொண்டான்.

"ஆமா சார். மச்சான்தான் தள்ளுனாக."

அடப்பாவி!

தொடாத ஒருவனைத் தள்ளியதாக சேக் பரீத் பொய் சொன்னார். சரி, அதற்கு ஒரு காரணம் இருந்தது. தள்ளப்படாதவன் எதற்காகப் பொய் சொல்கிறான்?

"கொலைமுயற்சி. முன்னூத்தி ஏழு" என்றார் ராஜபாண்டி. "செஞ்சவரும் ஒத்துக்கிட்டாரு, பட்டவரும் ஒத்துக்கிட்டாரு. என் சர்வீஸ்ல இம்புட்டு சுலபமா ஒரு கேஸ் முடிஞ்சதில்ல."

"முடியல சார்."

சொன்னது அம்சத் பீவி.

"ரெண்டு பேரையும் தனித்தனியாக் கேளுங்க. எங்கன வச்சு, எப்பிடித் தள்ளுனாகன்னு."

ராஜபாண்டி சேக் பரீத்தை வராந்தாவுக்குத் தள்ளிக்கொண்டு போனார்.

"சொல்லுங்க பாய்."

"மேல்படியில நின்னோம். நெஞ்சுல கைய வச்சு ஒரு தள்ளு."

ராஜபாண்டி மட்டும் உள்ளே போனார். கதவு திறந்தே இருந்ததால் நசீமின் குரல் வராந்தா வரைக்கும் கேட்டது.

"நான் கீழ நின்னேன் சார். மச்சான் பின்னாலருந்து வந்து, கட்டையால..."

"தள்ளுனாகன்னுதான சொன்னீக?"

"கட்டையால தள்ளுனாக சார்."

ராஜபாண்டி வெளியே வந்து தொப்பியைக் கழற்றினார்.

"அவரு கீழ நின்னு பின்னால வாங்கியிருக்காரு. நீங்க மேல நின்னு முன்னால குடுத்திருக்கீக. இது ரெண்டு கேஸ் பாய். ஒண்ணுல அடிபட்ட ஆளக் காணோம். இன்னொண்ணுல அடிச்ச ஆளக் காணோம்."

எல்லோரும் மறுபடி உள்ளே வந்ததும், அம்சத் பீவி தம்பியின் கட்டிலருகே போனாள்.

"ஏலே நசீமு, மத்தியானம் மாடிக்கு எதுக்குடா ஏறுன?"

"சும்மாதான்க்கா."

"சும்மா ஏறுனவன் கைலி மடிப்புல எதுக்குடா இந்த டம்ளரு? நர்சம்மா எடுத்துக் குடுத்தாக."

ஒரு சிவப்பு பிளாஸ்டிக் டம்ளர். நசீமுக்குச் சக்கரையும் இல்லை, வேறு சீக்கும் இல்லை. கொழுப்பு மட்டும்தான்.

"அக்கா... இன்னைக்கு ஒரு சொட்டுக்கூடக் குடிக்கலக்கா, சத்தியமா. மேல ஏறையில ரூமுக்குள்ள யாரோ நறநறன்னு ஐஸ் கடிக்கிற சத்தம் கேட்டுச்சு. நீதான் இருக்கேன்னு பயந்து திரும்பி ஓடுனேன். கால் வழுக்கிருச்சு."

"இன்னைக்குக் குடிக்கல. நேத்து?"

நசீம் மின்விசிறியைப் பார்த்தான்.

"சரி, மச்சான் மேல ஏன்டா பழியப் போட்ட?"

"அவுகளே ஒத்துக்கிட்டாகன்னு சார்தான் சொன்னாக. எனக்கும் அது வசதியா இருந்துச்சு."

ராஜபாண்டி மெதுவாகக் கேட்டார்.

"அப்ப... ரூமுக்குள்ள ஐஸ் கடிச்சது யாரு?"

அறையில் இருந்த அத்தனை கண்களும் சேக் பரீத் மேல் விழுந்தன. நர்சம்மாவும் பார்த்தாள்.

"நான்தான்" என்றார். "எனக்குச் சக்கரை. டாக்டரு நோன்பு கூடாதுன்னுட்டாரு."

"அது எனக்குத் தெரியும்" என்றாள் அம்சத் பீவி.

சேக் பரீத் திடுக்கிட்டார்.

"தெரியுமா?"

"தலகாணி ஒறைக்குள்ள மாத்திரைய ஒளிச்சு வச்சா, தலகாணி ஒறையத் தொவைக்கிறவளுக்குத் தெரியாதா? மத்தியானம் பயானுன்னு சொல்லிட்டுப் போறேனே, அப்பிடி ஒரு பயானே இந்த வருசம் கெடையாதுங்க. பக்கத்துல கஸ்தூரியம்மா வீட்டுல போய் டிவி முன்னால உக்காந்திருந்தேன். நீங்க நிம்மதியாக் குடிக்கட்டும்னு. மிஷின்ல தண்ணிய ஊத்தி, எலுமிச்சம்பழத்தையும் மேல வச்சது யாருக்காக? சர்பத்து கீழதான போடுறோம்?"

சேக் பரீத்துக்குச் சிரிப்பு வரப் பார்த்தது. அவள் சிரிக்கவில்லை.

"ஐஸத் தின்னது குத்தமில்ல. மார்க்கமே ஒங்களுக்கு விலக்குக் குடுத்திருக்கு. ஆனா என் தம்பி ரத்தத்துல கெடக்கையில தாண்டிப் போயிருக்கீகளே. ஒரு கொரலு... ஒரே ஒரு கொரலு குடுக்கலயே நீங்க."

அவள் கண்ணில் அப்போதுதான் தண்ணீர் வந்தது.

சேக் பரீத் தலையைத் தொங்கப் போட்டார். வெட்கப்பட வேண்டாத ஒன்றுக்கு இத்தனை நாளும் வெட்கப்பட்டுக்கொண்டிருந்தது புரிந்தது. உண்மையில் வெட்கப்பட வேண்டியது இதற்குத்தான். அவருக்கும் அழுகை வந்தது.

"நான் என்ன செய்யணும்? சொல்லு, செய்றேன்."

"வெள்ளிக்கெழம பள்ளிவாசல்ல எந்திரிச்சு நின்னு சொல்லணும். ஐஸையும் சொல்லணும். என் தம்பியத் தாண்டிப் போனதையும் சொல்லணும்."

சேக் பரீத் ராஜபாண்டியின் பக்கம் திரும்பினார்.

"சார்... அந்த முன்னூத்தி ஏழையே போட்டுருங்களேன்."

"போட முடியாது பாய். பொய் சொன்னதுக்கு ரெண்டு பேரையும் உள்ள தூக்கி வைக்கணும். நோன்பு தொறக்குற நேரம், போயிருங்க. ஒங்களுக்கு வீட்டம்மா குடுத்த தண்டனையே எங்க கோர்ட்டுல கெடையாது."

வெள்ளிக்கிழமை.

ஜும்மா முடிந்தது. ஒருவரும் கலையவில்லை. புது முத்தவல்லியின் பெயரைச் சொல்ல வேண்டும். சேக் பரீத் எழுந்து நின்றார்.

சொன்னார். சக்கரையைச் சொன்னார். மாடியைச் சொன்னார். எலுமிச்சம்பழத்தையும் விடவில்லை. மச்சினனின் ரத்தத்தைத் தாண்டிப் போனதைச் சொல்லும்போது குரல் உடைந்தது. அதையும் முழுசாகச் சொல்லி முடித்தார்.

"இதுக்கு மேல எனக்கு அந்தப் பதவி வேணாம். என்னைய மன்னிச்சிருங்க."

பழைய முத்தவல்லி எழுந்தார். வயசாளி. தாடியெல்லாம் பஞ்சு. அவர் கோபப்பட்டால் ஊரே வாயை மூடிக்கொள்ளும். கைத்தடியை ஊன்றி ஊன்றி வந்தார். சேக் பரீத் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டார்.

தோளில் கை விழுந்தது.

"சீக்காளி நோன்ப விட்டது தப்பே இல்ல" என்றார் பெரியவர், எல்லோருக்கும் கேட்கும்படி. "அடிபட்டவன விட்டுட்டுப் போனது தப்பு. நசீமு வீட்டுக்கு நீரே நடந்து போய் மன்னிப்புக் கேக்கணும். இத்தன பேரு முன்னால தன் தப்பத் தானே சொல்ற ஆளு நம்மகிட்ட வேற யாரு இருக்கா? பரீதுதான் முத்தவல்லி."

கூட்டம் தலையாட்டியது. சேக் பரீத்தால் நம்ப முடியவில்லை. பெரியவரின் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

பெரியவர் அவர் கையை விடவில்லை. இன்னும் நெருங்கி வந்தார். சுற்றுமுற்றும் ஒரு பார்வை பார்த்தார். சேக் பரீத்தின் காதருகே குனிந்தார்.

"பரீது... எனக்கும் ரொம்ப நாளாச் சக்கரை. அந்த மாடி ரூம்ல இன்னொரு சேர் போட எடமிருக்கா?"