அழைப்பு மணியும் ஏழாம் எண் படிவமும்

2007 ஜூலை 3, செவ்வாய்க்கிழமை காலை 10.40 மணிக்கு, புனே சிஞ்ச்வட்டில் உள்ள ஒரு தனியார் சோதனைக்கூடத்தில், ஜெர்மனிக்கு ஏற்றுமதியாக இருந்த கம்பியில்லா அழைப்பு மணி ஒன்று தேறவில்லை.

மணியை வடிவமைத்தவன் சபரி. கோயம்புத்தூர்க்காரன், புனேயின் பாணேர் பகுதியில் வேலை. சோதித்தவள் வைஷாலி. அவள் பெயரையும், சரளமான மராத்தியையும் வைத்து அவன் ஒரு முடிவுக்கு வந்திருந்தான். அந்தத் தைரியத்தில், செல்போனில் மேலாளரிடம் தமிழில் புலம்பினான்.

“ரேடியோ மாட்யூலுக்கு ஏற்கெனவே சர்டிபிகேட் இருக்குதுங்க சார். இந்தம்மாவுக்கு அது புரியல. சிரிச்சா அபராதம்னு யாரோ சொல்லி வெச்சிருக்காங்க போல...”

“சர்டிபிகேட் மாட்யூலுக்கும் அதோட வந்த குட்டி ஆன்டெனாவுக்கும்தான்,” என்றாள் வைஷாலி, தமிழிலேயே. “நீங்க எவ்ளோ லம்பா ஒண்ணு மாட்டியிருக்கீங்க! சிக்னல் லிமிட்டைத் தாண்டுது. அப்புறம்... சிரிக்க அபராதம் இல்ல. டைம்தான் இல்ல.”

அவன் காது சிவந்தது. “நீங்க... தமிழுங்களா?”

“தமிழ்தான். பொறந்தது இங்க கட்கியில. அப்பாவுக்கு ஆர்டினன்ஸ் ஃபேக்டரியில வேலை.”

நிமிர்ந்து பார்த்தாள். பெரிய கண்கள்... அவற்றில் மின்னியது சிரிப்பா, ஜன்னலுக்கு வெளியே பெய்த மழையா? எத்தனையோ அலைகளை அளந்தவனுக்கு அதை அளக்கத் தெரியவில்லை.

மணி தூரத்துக்கும் கேட்கட்டுமென்று நீள ஆன்டெனா போட்டது சபரியின் யோசனை. அதை மேலாளரிடம் ஒப்புக்கொண்டான். “சனிக்கிழமை சரக்கு கப்பல் ஏறலைன்னா உன் ப்ரமோஷனை மறந்துடு,” என்றார் அவர். சோதனைக்கு மூன்று முழு நாள் வேண்டும். புதன் காலை மாட்யூலோடு வந்த குட்டி ஆன்டெனாவையே மாட்டிக்கொண்டு வந்து நின்றான்.

அன்று எல்லா அளவுகளும் வரம்புக்குள் இருந்தன.

“ஏனுங்க, ஒரு சாய் குடிக்கலாங்களா?”

“கஸ்டமர் கையால தண்ணிகூட வாங்கக் கூடாது. ரூல்.”

“சரி, நான் குடிக்கிறேன். நீங்க பார்த்துட்டு இருங்க.”

“பார்க்கறதுக்கு ரூல் இல்ல,” என்றாள்.

பார்த்தாள். வியாழனும் பார்த்தாள்... வாசல் கூரைக்கடியில், தானே வாங்கிய டீயோடு, இரண்டடி தள்ளி நின்று.

“இந்த பாவுஸ் நிக்கவே நிக்காது போல.”

“மழைன்னு சொன்னா நின்னுடும்ங்க.”

“அதான் சொல்லல...” என்று முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

வெள்ளிக்கிழமை காலை, கூடத்தின் தலைவர் ராமநாதன் சபரியை அறைக்கு அழைத்தார். மேசையில் ஏழாம் எண் படிவம் கிடந்தது. சோதிப்பவருக்கு வாடிக்கையாளர்மேல் தனிப்பட்ட ஈடுபாடு உண்டா என்பது கேள்வி. வைஷாலி குண்டு குண்டாக எழுதியிருந்தாள்: ‘ஆம். புதன்கிழமை மாலையிலிருந்து.’

“பதினாறு வருஷத்துல இந்த ஃபார்மை யாரும் நிரப்பினதில்ல,” என்றார் ராமநாதன் வருத்தமாக. “உங்க பக்கமும் எழுதணும் மிஸ்டர் சபரி. ‘இல்லை’ன்னா, அவ எடுத்த அளவை நான் சரிபார்த்து சாயங்காலமே ரிப்போர்ட் தந்துடுவேன். ‘ஆம்’னா, எல்லாம் முதல்லேருந்து. நான்தான் சோதிப்பேன். நான் கொஞ்சம் நிதானம்.”

சபரியின் மனக்கண்ணில் மேலாளரின் முகம் தெரிந்தது. கண்ணாடிக்கு அப்பால் வைஷாலி, இந்தப் பக்கம் பார்க்காமல், ஒரு கேபிளைச் சுருட்டிக்கொண்டிருந்தாள். அதே கேபிளை... மூன்றாவது முறையாக.

‘ஆம்’ என்று எழுதிக் கையெழுத்திட்டான்.

வெளியே வந்ததும் அவள் பாய்ந்தாள். “பாகலா நீங்க? பைத்தியமா? ‘இல்லை’ன்னு போட்டிருக்கலாம்ல! ப்ரமோஷன்?”

“பொய் எழுதினா நீங்களே ஃபெயில் பண்ணுவீங்க...” அவன் குரல் இறங்கியது. “எனக்கு உங்களை ரொம்பப் பிடிச்சிருக்குங்க, வைஷாலி.”

கேபிள் கை நழுவி விழுந்து அவிழ்ந்தது. இருவரும் அதை எடுக்கவில்லை.

ராமநாதன் ஆறு நாள் எடுத்துக்கொண்டார். மணி தேறியது. சரக்கு பதினோரு நாள் தாமதமாகக் கப்பல் ஏறியது. பதவி உயர்வு வேறொருவருக்குப் போனது. அடுத்த தை மாதம் சபரிக்கும் வைஷாலிக்கும் கட்கியில் திருமணம் நடந்தது.