உப்புக்கறை

துடைத்துவிட்டு நிமிர்வதற்குள் வாஷ்பேசினில் மறுபடி கறை. குழாய் மூடித்தான் இருந்தது, ஒரு சொட்டுகூட விழவில்லை. அப்புறம் எங்கிருந்து வந்து தொலைத்தது இந்தச் சனியன் என்று ஆரோக்கியசெல்விக்கு எரிச்சலாக வந்தது.

திண்டிவனத்துப் புது வீட்டுக்காக விழுப்புரத்தில் நான்கு கடை ஏறி இறங்கி, மேடைமேல் கிண்ணம்போல உட்காரும் இந்த வெள்ளைப் பேசினை எடுத்தது அவள்தான். "போர் தண்ணியாம்மா? தினம் ஈரத்துணியால தொடச்சாலே போதும். ஆசிட் மட்டும் ஊத்திடாதீங்க" என்று கடைக்காரர் சுப்பராயலு படித்துப் படித்துச் சொல்லியிருந்தார்.

சொன்னால் ஆச்சா? இன்று வீடு மந்திரிப்பு. பங்குச் சாமியார் அறை அறையாகத் தீர்த்தம் தெளித்துக்கொண்டு வருவார், குளியலறையையும் விடமாட்டார், பின்னாலேயே மொத்தச் சொந்தமும் வரும். நாத்தனார் இருதயமேரி இந்தக் கறையைக் கண்டால் போதும், முண்டியம்பாக்கம் வரைக்கும் மானத்தை வாங்கிவிடுவாள். கூடத்தில் ஜெபம் தொடங்கும் சத்தம் கேட்டது. ஆரோக்கியசெல்வி கதவைத் தாழிட்டு ஆசிட் பாட்டிலைத் திறந்தாள்.

நெடி மூக்கில் ஏறிக் கண்ணில் நீர் கோத்தபோதுதான் கறையை நன்றாகப் பார்த்தாள். சாம்பல் நிறத்தில் இரண்டு கண், ஒரு சப்பை மூக்கு, ஓரம் கோணிய சின்ன வாய். அவளுடைய ஆறு வயது மகள் கலைப்பிரியா அழப்போகும்போது வாய் இப்படித்தான் கோணும். கர்த்தரே, என்ன இது? ஆனாலும் ஜெபச் சத்தம் நெருங்கிக்கொண்டிருந்தது. ஊற்றினாள். கம்பி நாரால் அழுத்தித் தேய்த்தாள்.

கதவு தட்டப்பட்டது. கலைப்பிரியாதான். "அம்மா, கண்ணு எரியுதும்மா!"

"மெழுகுவத்தி கிட்ட நிக்காதடி. போ, வர்றேன்."

கண் இரண்டும் போயின.

"அம்மா... இருட்டா கீதும்மா... ஒண்ணுமே தெரியல..."

"கத்தாதடி! அத்த பாத்துக்கினு இருக்கா, மானம் போவுது!"

மூக்கும் போனது. கதவுக்கு வெளியே திணறல். வாய் மட்டும் மிச்சம். ஒரே இழுப்பு.

திணறல் நின்றது.

அவள் கையும் நின்றது. அப்போதுதான் உறைத்தது. கண். மூக்கு. வாய்.

"பிரியா?"

கதவைப் பிறாண்டும் சத்தம் மட்டும். தாழ்ப்பாளை இழுத்தாள். வழுக்கியது. மறுபடி இழுத்தாள்.

வெளியே சாமியார் அசையாமல் நின்றார். பின்னால் சொந்தமெல்லாம். இருதயமேரி பேசின் பக்கம் பார்க்கவே இல்லை.

பட்டுப்பாவாடையில் கலைப்பிரியா. நெற்றியிலிருந்து தாடைவரை ஒரே வெள்ளை. அவளுடைய பத்து விரலும் அந்த வெள்ளையில் வாயைத் தேடிக்கொண்டிருந்தன.