உருளைக்குக் கொடுக்காத பழம்

சுங்காய் ஊரைத் தாண்டி, எண்ணெய் எடுக்கும் செம்பனைக்கு நடுவே போகும் மண்பாதையில் என் லோரி போய் நின்றபோது காலை பத்து மணி. பழைய ரப்பர் தோட்டத்து ஸ்டோரில் எஞ்சியிருந்தது தகரக் கூரையும் நாலு சுவரும் ஒரு மெஷினும்தான். உறைந்த ரப்பர் பாலைத் தட்டையாகப் பிழிகிற மெஷின். இரண்டு இரும்பு உருளைகள், பக்கத்தில் கையால் சுற்றும் சக்கரம். என் மனைவி கலாதேவி, பெண் பார்க்க வந்த மாமியார் மாதிரி அதைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தாள்.

கலா ஓவியர். செப்புத் தகட்டில் படம் செய்து, மை ஏற்றி, ஈரத்தாளை மேலே வைத்து அழுத்தி எடுப்பது அவள் வேலை. அதற்கென்றே செய்த மெஷின் நமக்கு எட்டாத விலை, இதை மாற்றிக் கட்டிக்கொள்ளலாம் என்றாள். கோலாலம்பூர் கண்காட்சிக்கு முதன்முறையாக அவளைக் கூப்பிட்டிருந்தார்கள். தன் வலது கையை நம்பித்தான் பத்து வருடம் காத்திருந்தாள்.

செம்பனைக்குக் காவல் இருக்கும் பிச்சைமுத்து லோரியில் ஏற்றக் கை கொடுத்தார்.

“புது எடத்துல மொத தடவ சுத்துறதுக்கு முன்னால, உருளைக்கு நடுவுல ஒரு எலுமிச்சம்பழம் கொடுத்துருங்க தம்பி. அப்புறம் வருசா வருசம் ஆயுத பூசைக்கு.”

“ஏண்ணே?”

“கருப்பம்மான்னு ஒரு பொண்ணு, இதுல ரப்பர் ஷீட்டு போட்டவ. கை உள்ள போயிருச்சு. தோட்டத்து ஆஸ்பத்திரி டிரஸ்ஸர் வர்றதுக்குள்ள முடிஞ்சிருச்சு. அதுக்கப்புறம் பழம் கொடுக்காம யாரும் சக்கரத்த தொட்டதில்ல லா.”

ஈப்போவில் நாங்கள் குடியிருந்த கடைவீட்டின் பின்கட்டில் மெஷினை இறக்கினோம். நான் பழம் வாங்கி வந்தேன். கலா தடுத்தாள்.

“புளிப்பு பட்டா இரும்புல குழி விழும்ங்க. ஒரு குழி விழுந்தாலும் எல்லா படத்துலயும் புள்ளி வரும். பொட்டு வச்சி கீழ வச்சிருவோம்.”

எனக்கும் நியாயமாகத்தான் பட்டது. மெஷினின் காலடியில் பழத்தை வைத்துக் கும்பிட்டோம். பசித்தவனுக்குச் சோற்றைக் கண்ணில் காட்டிவிட்டு நகர்ந்தது போலத்தான் அது என்று அப்போது எனக்கு உறைக்கவில்லை.

அந்த ஆளில்லாத ஸ்டோரைத்தான் கலா முதல் படமாகச் செய்தாள். தகட்டின் மேல் பிசின் தூளைத் தூவி, சூடு காட்டி ஒட்டவைத்து, ஆசிட்டில் இறக்குவாள். ஆசிட் கடித்த இடம் கறுப்பாக வரும், கடிக்காத இடம் வெள்ளையாக நிற்கும். தகட்டில் விரல் பட்டால் அந்தப் பிசுக்கே ஆசிட்டைத் தடுத்துவிடுமாம், படத்தில் விரல் வெள்ளையாகத் தெரியுமாம். அதனால் என்னைக் கிட்டவே விடமாட்டாள்.

முதல் தாளை உரித்தாள்.

இருண்ட ஸ்டோர். திறந்த கதவு. கதவுக்கு அப்பால் ஒரு வெள்ளைக் கை.

“தொட்டீங்களா?”

“சத்தியமா இல்ல கலா.”

மணிக்கட்டில் மூன்று மெல்லிய கோடுகள், வளையல்கள். கலா வளையல் போடுவதில்லை.

புதுத் தகடு எடுத்து, கையுறை போட்டுக்கொண்டு மறுபடி செய்தாள். கை கதவுக்கு இப்பால் வந்திருந்தது. மூன்றாவது தகட்டில் அது உருளையின் மேல் இருந்தது. மை போடாமல் அதே தகட்டை இன்னொரு முறை அழுத்தினால் படம் மங்கிப்போகும். அப்படி அழுத்திப் பார்த்தாள். ஸ்டோர் மங்கியது. கையில் ரேகை தெரிந்தது.

பின்கட்டு முழுக்கப் புளித்த ரப்பர் பால் வாடை அடித்தது. எனக்குப் பயம் வந்துவிட்டது.

“போதும் கலா, நிறுத்திரு.”

“இன்னும் ஒரே ஒரு தகடுங்க. இந்த மாதிரி ஒரு படம் என் கையால வந்ததே இல்ல.”

மறுநாள் காலை அவள் தாள் வாங்கப் போன நேரத்தில், உருளைகளுக்கு நடுவே ஒரு பழத்தை வைத்துச் சக்கரத்தைச் சுற்றினேன். ஒரு தாள் நுழையும் இடுக்குதான் அது. பழம் மறுபக்கம் விழுந்து உருண்டது.

முழுசாக.

தோலில் ஒரு கீறல்கூட இல்லை. கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம். அதைக் கலாவிடம் சொல்ல வாய் வரவில்லை. சொல்லியிருந்தால் நிறுத்தியிருப்பாளோ என்று இப்போது தினமும் கிடந்து சாகிறேன்.

அன்று பிற்பகல் நல்ல மழை. பின்கட்டில் சக்கரம் சுற்றும் சத்தம் கேட்டது. பிறகு அவள் குரல்.

“ஏங்க, சக்கரத்த விடுங்க.”

நான் அடுப்படியில் இருந்தேன்.

“விடுங்கன்னு சொல்றேன்ல. கை மாட்டிருச்சு.”

ஓடினேன். சக்கரத்தில் யாரும் இல்லை, அது சுற்றிக்கொண்டிருந்தது. பிடித்துப் பின்னால் சுற்றப் பார்த்தேன். நகரவில்லை. எதிர்ப்பக்கம் யாரோ பிடித்திருந்தார்கள்.

ஆஸ்பத்திரியில் அவளது வலது கையை முழங்கைக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். மெஷினைப் பழைய இரும்புக் கடைக்கு ஏற்றிப் போய், என் கண்முன்னே துண்டு துண்டாக வெட்டச் சொன்னேன். தகடுகளையும் உருக்கக் கொடுத்தேன். அன்று மெஷினில் இருந்த தாளை மட்டும் கலா விடவில்லை. “அது என் கையோட கடைசி படம், இருக்கட்டும்” என்றாள். கூடத்தில் மாட்டினேன். உருளையின் மேல் அந்த ஒற்றைக் கை.

இல்லாத கை இருப்பது போலத் தோன்றும், சிலருக்கு வலிக்கவும் செய்யும், சகஜம்தான் என்றார் டாக்டர். கலாவுக்கு வலிக்கவில்லை.

“யாரோ என் கைய புடிச்சிருக்காங்க” என்றாள் மெதுவாக. “சில்லுன்னு இருக்கு. வளையல் குத்துது.”

கூடத்துக்குப் போய்ப் பார்த்தேன்.

படத்தில் இரண்டு கைகள். விரல்கள் கோத்திருந்தன. ஒன்றில் கலாவுக்கு நான் போட்ட மோதிரம்.

கொளுத்திவிடலாம் என்று தீக்குச்சியை உரசித் தாளின் ஓரத்தில் வைத்தேன். உள்ளே கலா அலறினாள். கையாலேயே அணைத்தேன். போய்ப் பார்த்தால், அவளுக்கு மிஞ்சியிருந்த இடது கையின் நகங்கள் கருகியிருந்தன. அந்தக் கையைப் பிடித்துக்கொண்டு விடியும்வரை அழுதேன், வேறென்ன செய்ய?

இன்று காலை கஞ்சி ஊட்டும்போது வாயை மூடிக்கொண்டாள்.

“ஏங்க, இப்ப இழுக்கிறாங்க.”

கிண்ணத்தை வைத்துவிட்டுக் கூடத்துக்கு வந்தேன். நேற்றுவரை படத்தில் அவள் கை மணிக்கட்டு வரைதான் இருந்தது.

இன்று தோள் வரை இருக்கிறது.